ஆறு பெண்களுக்கு ஒரே எண்

1

ஆஸ்திரேலியாவுக்கு வந்து மூன்று வருடம் முடிந்த அன்று நான் ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். விசாவை நீட்டிக்க வேண்டுமென்றால் மார்பைப் படம் பிடிக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும். எனக்கு மாதம்மாள் என்று ஒரு பெயர்தான். இங்கே விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். எதையும் காலியாக விடக்கூடாதாம். மகன் இரண்டிலும் மாதம்மாள் என்றே எழுதிவிட்டான். செவிலி வெளியே வந்து "மாதம்மாள் மாதம்மாள்" என்று கூப்பிட்டாள். நம்மூர்க்காரி இன்னொருத்தியும் இருக்கிறாள் போலிருக்கிறதே என்று நான் சுற்றிலும் பார்த்தேன்.

மகன் குமரேசன்தான் காரில் அழைத்துப் போனான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவனிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று செவ்வாய்க்கிழமையிலிருந்து என் நெஞ்சில் கிடந்தது. ஊரில் ஒரு பெண்ணின் பரீட்சை அதில் மாட்டிக்கொண்டிருந்தது. போகும்போது சொல்லவில்லை. வரும்போது பேச்சை ஆரம்பித்தேன்.

"இன்னியோட மூணு வருசம் ஆச்சிடா."

"எதுக்கும்மா?"

"நான் இங்க வந்து."

"அப்படியா?" என்றான். அதற்குள் அவனுக்கு போன் வந்துவிட்டது. வீடு வரும்வரை இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தான்.

சொல்லாமல் விட்டது என் தப்புதான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

2

எங்கள் நிலம் சாமல்பட்டிப் பக்கம். கணவர் போன பிறகு அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போச்சம்பள்ளிக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. குமரேசன் அப்போது ஓசூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து போவான். முட்டி தேய்ந்து நான் வேலையை விட்ட பிறகு பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.

நான் இருந்தது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஏழு குடும்பம். ஆம்பளை பொம்பளை எல்லாரும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் விருதுநகர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கம்பெனிக்குள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், எட்டு மணி நேரம் கழித்துத்தான் அந்த போன் யாருக்காவது பதில் சொல்லும்.

பக்கத்து வீட்டுத் தங்கராசுவின் மகள் சங்கீதாவுக்கு நான்கு வருடப் படிப்புக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கம்ப்யூட்டர் சென்டருக்குத் துணைக்குப் போனேன். அங்கிருந்தவர் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்பா நம்பர் சொல்லும்மா. ஓ.டி.பி. வரும். பத்து நிமிசத்துல சொல்லணும்."

"அப்பா ஷிப்ட்ல இருக்காருண்ணா. பெரிம்மா நம்பர் போட்டுக்குங்க."

"பெத்தவங்க நம்பர் கேக்குது பாப்பா. பெரிம்மா பெத்தவங்களா?"

"பெத்தவங்க போன் கம்பெனி கேட்டுல கெடக்கு. பெரிம்மா போன் இடுப்புல இருக்கு. எது வேணும் உங்களுக்கு?"

அவர் சிரித்துவிட்டு என் எண்ணைப் போட்டார். ஓ.டி.பி. உடனே வந்தது. கண்ணாடி போடாமலே வாசித்தேன்.

அடுத்த வருடம் புவனா வந்தாள், கஸ்தூரி வந்தாள். நான் இங்கே வந்த பிறகு கடைசி வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரும். பிறகு மளிகைக்கடைக்காரர் மகள். அவர்களுக்கு ஓ.டி.பி.யை இங்கிருந்தே போனில் வாசித்தேன். கல்லூரிகள் மூன்று; ஒரே நிர்வாகம். பெண்கள் ஆறு பேர். எல்லாருக்கும் பெற்றோர் கைபேசி என்ற கட்டத்தில் என் எண். யாரும் இதைத் தப்பென்று நினைக்கவில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் எல்லார் குடத்தையும் நிரப்பி வைப்பதில்லையா, அப்படித்தான்.

3

இங்கே வந்ததும் குமரேசன் எனக்கு வேறு எண் வாங்கிக் கொடுத்தான். "அந்த இண்டியா சிம்மை விட்டுடும்மா, யாரு கூப்பிடப் போறாங்க?" என்றான். விட்டுவிட்டேன் என்று சொன்னேன். விடவில்லை. சங்கீதா அங்கிருந்தே ரீசார்ஜ் செய்துவிடுவாள். பழைய போனில் அந்த சிம் அப்படியே இருந்தது. என் துணி அலமாரியில் மேல் தட்டில் வைத்திருந்தேன்.

மதியம் இரண்டரைக்கு எடுத்துப் பார்ப்பேன். அங்கே காலை பத்து மணி. வருகைப் பதிவு முடிந்திருக்கும். "தங்கள் மகள் புவனா இன்று முதல் பாடவேளைக்கு வரவில்லை." வந்துவிட்டவர்களைப் பற்றி ஒன்றும் வராது. ஆகவே ஒன்றும் வராத நாள் நல்ல நாள். ஆனால் உண்மையைச் சொன்னால், ஒன்றும் வராத நாள் எனக்குக் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

சங்கீதாவின் கல்லூரி சூளகிரிப் பக்கம். குந்தாரப்பள்ளிச் சந்தை நாளில் மாட்டு வண்டிகளும் வேன்களும் சாலையை அடைத்துக்கொள்ள, கல்லூரி பஸ் நின்றுவிடும். அன்றைக்கு அவள் பெயரில் கட்டாயம் ஒன்று வரும். நான் உடனே குரல் செய்தி அனுப்புவேன்: "ஏன்டி, சந்தையில மாட்டிக்கினியா?" ஆரம்பத்தில் அவளும் சிரித்துக்கொண்டே பதில் அனுப்புவாள்: "மாடு எறங்குற வரைக்கும் காத்துக்கெடக்கோம் பெரிம்மா. டிரைவரண்ணன் ஒரு கன்னுக்குட்டிக்கு வெலை கேக்காரு." கொஞ்ச நாளில் பதில் சின்னதானது. பிறகு கட்டைவிரல் படம் மட்டும். பிறகு அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் கோடு மட்டும். படிக்கிற பெண், அவளுக்கு வேலை இருக்கும்.

இங்கே மகனும் மருமகளும் காலை ஏழரைக்குப் போனால் ஆறு மணிக்கு வருவார்கள். பேத்திக்கு ஏழு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் அம்மாவைப் பார்த்து இங்கிலீஷில் பதில் சொல்வாள்; அம்மா அதை எனக்குச் சொல்வாள். அவள் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "போதும்." சோறு போடும்போது.

4

குமரேசனுக்கு இங்கேயும் கல்லூரி வேலைதான். கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது. சேர்க்கைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்ததையெல்லாம் அவனும் நான்கு பேரும் சேர்ந்து ஒன்றாக்கினார்களாம். அது தெரிந்து ஓசூரிலிருந்து பழைய நண்பன் நாகராஜ் கூப்பிட்டான். அவர்கள் நிர்வாகத்தின் மூன்று கல்லூரிகளுக்கும் அதேபோல் செய்ய வேண்டும். மூன்றிலும் தனித்தனிக் கம்ப்யூட்டர், ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. நாகராஜ், கிருஷ்ணகிரிக் கல்லூரி ஷீலா, இங்கிருந்து குமரேசன், மூன்று பேரும் சனிக்கிழமை மதியம் திரையில் உட்காருவார்கள்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடிக்கும். குமரேசன் சத்தமாகச் சிரிப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். நாகராஜ் வீட்டில் கன்னடம் பேசுகிறவன். அவன் தமிழ் ஒரு மாதிரி ஆடிக்கொண்டே வரும். கேட்டுக்கொண்டே சமையலறையில் வேலை பார்ப்பேன். ஒருமுறை ஈரத் தலையில் துண்டோடு பின்னால் நடந்துவிட்டேன். "அம்மா, கேமரால தெரியற" என்றான் குமரேசன். அதிலிருந்து சுவரோரமாகப் போவேன்.

அந்தச் சனிக்கிழமை நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் மூன்று கல்லூரிப் பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் வராமலிருக்க, கைபேசி எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்று சொன்னது குமரேசன்தான். ஒரு எண் என்றால் ஒரு ஆள்.

"குமரேசா, இங்க பாருப்பா கூத்த" என்றான் நாகராஜ். "ஒரே நம்பரு. ஆறு பேரு. மூணு காலேஜு!"

"அண்ணா, அது புரோக்கர் நம்பரா இருக்கும்" என்றாள் ஷீலா. "சீட்டு வாங்கித் தர்றேன்னு அவனுங்க நம்பரத்தான் குடுப்பானுங்க. கண்டுபுடிக்க சொல்லி பிரின்சிபால் என் உயிர எடுக்கறாரு."

"ஆறும் பொண்ணுங்க பேரு வேற" என்றான் குமரேசன். "லாக் பண்ணிடு ஷீலா. நெஜமான ஆளா இருந்தா ஆபீசுக்கு வருவாங்க. நம்பரைக் குறிச்சிக்கோ."

எண்ணை வாசித்தான். நிதானமாக, இரண்டிரண்டாக. என் எண்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். கடைசி இரண்டு எண்ணையும் வாசித்துவிட்டு, "ரைட், அடுத்தது" என்றான். அவன் போனில் நான் எண்ணாக இல்லை, "அம்மா" என்றுதான் இருப்பேன். அவனுக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை ஆறு செய்திகள் வந்தன. ஆறும் ஒன்றே: தங்கள் மகளின் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, அலுவலகத்தை அணுகவும். செவ்வாய்க்கிழமை சங்கீதாவே கூப்பிட்டாள். குரல் செய்தி இல்லை, நேராக போன்.

"பெரிம்மா, ஹால் டிக்கெட் எறங்க மாட்டேங்குது. வர்ற திங்கக்கிழமை கடைசி செமஸ்டர் பரீட்சை. ஆபீஸ்ல போனா, இந்த நம்பர் யாரோடது, அந்த ஆளக் கூட்டிட்டு வாங்குறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்லல. புரோக்கரான்னு கேக்குறாங்க பெரிம்மா. உங்க பேர எதுக்கு அதுல இழுக்கணும்னு கம்முனு வந்துட்டேன்."

"உங்கப்பா?"

"அப்பாவா? போனை வச்சிட்டு போயிட்டு வந்து விசயத்த கேட்டுட்டு, 'என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிக்க, நம்ம கம்பெனி லைன்ல ஆள் எடுக்கான், திங்கக்கெழம வந்து நில்லு'ன்னுட்டாரு. ஒரு பரீட்சை பெரிம்மா. இந்த ஒரு செமஸ்டர்தான்."

மகனிடம் பேசுகிறேன் என்றேன். அவன்தான் பூட்டச் சொன்னான் என்பதைச் சொல்லவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் சொல்லலாமென்று இருந்தேன். மருமகள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நுழைய முடியவில்லை. புதன்கிழமை அவன் போனைக் காதில் மாட்டிக்கொண்டே வந்தான். "அப்புறம் சொல்றியாம்மா?" என்று கையால் கேட்டான். வியாழக்கிழமை கார், அதை மேலேயே எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர்கள் யார் வீட்டுப் பிறந்தநாளுக்கோ போய்விட்டார்கள்.

காரணம் அவன் வேலை மட்டுமில்லை. சொன்னால், சிம்மை விட்டுவிட்டேன் என்று சொன்ன பொய் வெளியே வரும். இன்னொன்றும் உண்டு. பூட்டைத் திறப்பதென்றால் என் எண்ணை எடுத்தால்தான் திறக்க முடியும் என்பது எனக்கே தெரிந்தது. பிறகு இரண்டரை மணிக்கு நான் எதைப் பார்ப்பது? ஒரு பெண்ணின் படிப்பு ஒரு பக்கம் இருக்கும்போது இதையும் ஒரு பக்கம் வைத்து நான்கு நாள் நிறுத்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

6

சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் திரையில் உட்கார்ந்தார்கள். நான் அலமாரியிலிருந்து பழைய போனை எடுத்துக்கொண்டு, சுவரோரமாக இல்லாமல் நேராக நடந்து போய், குமரேசனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, மீட்டிங்" என்றான் மெதுவாக.

"அந்த நம்பரு என்னுது" என்றேன்.

"எந்த நம்பரு?"

"போன வாரம் வாசிச்சியே. ஆறு பேரு."

திரையில் நாகராஜ் கண்ணாடியைக் கழற்றினான். "யாரப்பா அது, அம்மாவா? நமஸ்காரம்மா. என்ன சொல்றீங்க, புரியலே."

தெரியாதவர்கள் முன்னால் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. லைன் வீடு, ஷிப்ட், பத்து நிமிசம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க அப்பாம்மா போனெல்லாம் கேட்டுல டோக்கன் போட்டு வாங்கி வச்சிக்குவாங்க. பத்து நிமிசத்துல நம்பர் சொல்லுன்னா யாரு சொல்றது? நான்தான் வூட்ல இருப்பன். புரோக்கரும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு நாளன்னிக்குப் பரீட்சை."

முதலில் பேசியது ஷீலா.

"அண்ணா, எங்கப்பாவும் கம்பெனிதான். நான் படிக்கறப்ப டீக்கடைக்காரர் நம்பர்தான் குடுத்தோம். எனக்கே தோணல பாருங்க." பிறகு, "ஒரு நம்பர்னா ஒரு ஆளுன்னு வச்சோமே, அதுவே தப்பு. இந்த ஏரியால அது ஆவாது" என்றாள்.

"வச்சது நான்தான்" என்றான் குமரேசன். "இங்க அப்படித்தான் வச்சோம். இங்க ஆளுக்கு ரெண்டு நம்பர்."

"இருக்கட்டும்பா, நானும் தலையாட்டினேனே" என்றான் நாகராஜ். "எவ்ளோ லைன் வீடு இருக்கு இங்கே! இன்னும் எத்தனை பசங்கள பூட்டி வச்சிருக்கோமோ!"

பிறகு மூன்று பேரும் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். இனிமேல் ஆளைப் பிரிக்கக் கைபேசி எண் வேண்டாம், கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த சேர்க்கை எண் போதும். அப்பாவின் எண்ணைப் புதிதாகப் போட்டால், அவர் உறுதி செய்யப் பத்து நிமிடம் இல்லை, இரண்டு நாள் தர வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கட்டும். இதற்குக் குமரேசன் ஏதோ பாதுகாப்பு என்று தயங்கினான். "பாதுகாப்பு பாத்து பாத்துதான் புள்ளைங்க வெளிய நிக்குதுங்க" என்றாள் ஷீலா. அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் பழைய எண்ணை எடுக்க மட்டும், அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சங்கீதாவைக் கூப்பிட்டார்கள். அவள் மற்ற ஐந்து பேரையும் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே சின்னத் திரையில் ஆறு தலை. மூன்று வருடத்தில் புவனா கண்ணாடி போட்டிருக்கிறாள். கடைசி வீட்டுச் சின்னவள் என்னைவிட உயரமாகியிருப்பாள். "பெரிம்மா, வெள்ளையாயிட்டீங்க" என்று கத்தினாள் கஸ்தூரி. "வெயில் இல்லடி இங்க" என்றேன்.

ஷீலா அப்போது ஒன்று கேட்டாள். "அம்மா, ரெண்டாவது நம்பர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களத அதுல வச்சிக்கலாமா? அப்பா எடுக்கலன்னா உங்களுக்கு வரும்."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தார்களோ, திரையில் தங்களைப் பார்த்துக்கொண்டார்களோ. நான் யோசித்தேன். அப்பன் எடுக்கவில்லையென்றால் கம்ப்யூட்டர் இரண்டாவது எண்ணைத் தேடும். நான் அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன். இல்லையென்றால் எனக்கு ஒன்று ஆகியிருக்கும். இன்னொரு பெண் இன்னொரு திங்கட்கிழமை வாசலில் நிற்பாள்.

"வேணாம்மா" என்றேன். "எடுத்துடுங்க."

என் போன் மினுங்கியது. வாசித்தேன், ஆறு எண்கள். "ஆயித்தும்மா, அடுத்தது" என்றான் நாகராஜ். மறுபடி மினுங்கியது. வாசித்தேன். "ஆயித்து." ஒவ்வொன்றையும் நிதானமாக, இரண்டிரண்டாக வாசித்தேன். சங்கீதாவுடையது கடைசி. அதை வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் இருக்கிறதே. ஷீலா சிரித்தாள்: "பூட்டு தொறந்தாச்சு. பாப்பா, ஹால் டிக்கெட் எறக்கிப் பாரு." எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல். யார் யாரைக் கட்டிப்பிடித்தார்களோ, போன் கீழே விழுந்து கூரைதான் தெரிந்தது. பிறகு இணைப்பு போய்விட்டது.

மீட்டிங் முடிந்ததும் குமரேசன் தன் போனை எடுத்தான். என் பெயரைத் திறந்து, அதில் இருந்த பழைய எண்ணைத் திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சிம்மை விட்டுட்டேன்னியேம்மா."

"சொன்னன்" என்றேன்.

நறுக்கி வைத்த காய் காய்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போனேன்.

7

திங்கட்கிழமை இரண்டரைக்குப் போனை எடுத்துப் பார்த்தேன். பழக்கம். அங்கே பரீட்சை ஆரம்பித்திருக்கும். ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் ஒன்றும் வராவிட்டால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். இப்போது அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அப்பன் கையைப் பிடித்துக் கம்பெனி லைனில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாலும் இந்த போன் இப்படித்தான் இருக்கும். நான்கு மணிவரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் செய்தி ஒன்று பேசினேன். அனுப்பாமல் அழித்தேன். எழுதுகிற பெண்ணுக்கு எதற்குத் தொந்தரவு.

செவ்வாய்க்கிழமை மாலை குமரேசன் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அம்மா, அந்தப் பொண்ணு எழுதிட்டாளாம். எனக்கு மெசேஜ் போட்டிருக்கா. 'தேங்க்ஸ் அண்ணா'ன்னு."

"வேற இன்னா சொன்னா?"

"அவ்ளோதான்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னைக் கேட்டதா சொன்னா" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

"ரிசல்ட் எப்படா வரும்?"

"ரெண்டு மாசம் ஆகும்."

"யாருக்கு வரும்?"

"அவங்கப்பா நம்பருக்கும்மா. இப்ப அதுதானே இருக்கு."

"அவரு ஷிப்ட்ல இருப்பாரேடா."

"ஷிப்ட் முடிஞ்சி பாப்பாரும்மா" என்றான்.

சரி என்றேன். தங்கராசு டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனை வாங்குவார். சட்டையில் எண்ணெய்க் கறையோடு அந்த கேட்டிலேயே நின்று, மகள் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பார். அவளிடம் முதலில் சொல்லப் போகிறவர் அவர்தான்.